மணவாழ்வுக்கு விலை குறிக்க அரசுக்கு உரிமை உண்டா?

ஓர் ஆணும் பெண்ணும் சட்டப்படி விவாகஞ் செய்துகொண்ட பின்னர், அவர்கள் ஓரில்லத்திற் கூடி வாழ்வதற்கு எந்த அரசாங்கத்தின் அனுமதியும் வேண்டியதில்லை. இதுவே நாகரிக உலகம் ஏற்றுக்கொண்ட முறைமை. ஆயின், அவ்விருவரும் இருவேறு நாடுகளின் பிரசைகளாக இருந்துவிட்டால் இம்முறைமை செல்லாதாகிவிடுகிறது. பதிவாளர் முன்னிலையில் இட்ட கையொப்பமும், கோயிலிற் கட்டிய தாலியும், தேவாலயத்தில் மாற்றிய மோதிரமும் விசாக் கந்தோரின் வாசலில் வலுவிழந்து நிற்கின்றன. மணமக்கள் யாவர் என்ற வினா அங்கே பின்னுக்குப் போகிறது. வருமானம் எவ்வளவு என்ற வினா முன்னுக்கு வருகிறது.

1983 ஆம் ஆண்டின் கொடுமைகளுக்குப் பின்னர் உலகெங்கும் சிதறிய எம்மக்களுள் பெருந்தொகையினர் பிரித்தானியாவிற் குடியேறினர். அவர்களுட் பலர் இன்று அந்நாட்டின் பிரசைகள். அவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் வாழ்க்கைத் துணையை யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மட்டக்களப்பிலும் தேடிக்கொள்வது எமக்குப் புதிதன்று. ஊர்வழக்கில் "ஸ்பொன்சர்" எனப்படும் பொறுப்பேற்பு, இன்று பூநகரி வயற்காரனின் வீட்டிலும் யாழ்ப்பாணத்து வைத்தியரின் வீட்டிலும் ஒரே விதமாகப் பேசப்படும் சொல். ஆகவே இலண்டனில் எழுதப்படும் குடிவரவு விதி எமக்கு அயல்நாட்டுச் செய்தி அன்று. எமது வீட்டு விவகாரம்.

இவ்விடயத்தில் எமது நிலைப்பாட்டைத் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறோம். ஒரு திருமணம் மெய்யானதா, பொய்யானதா என்று ஆராய எந்த அரசுக்கும் உரிமை உண்டு. மணந்தவர்கள் பிறர் கையை எதிர்பாராது வாழ வழி உண்டா என்று கேட்பதிலும் பிழையில்லை. இவ்விரண்டையும் கடந்து, இத்தனை ஆயிரம் பவுண் உழைப்பவனுக்கே மனைவியோடு வாழும் உரிமை உண்டு என்று வரம்பு கட்டுவதற்கு எந்த அரசுக்கும் நியாயம் இல்லை.

சட்டம் சொல்வது என்ன?

2012 யூலை 9 ஆந் திகதிக்கு முன்னர் பிரித்தானியச் சட்டம் கேட்டது சுருக்கமானது. தம்பதியர் பொதுநிதியை நாடாமற் போதிய அளவு சீவிக்க முடியுமா, தங்குவதற்கு இடம் உண்டா என்பவையே பொருள் பற்றிய வினாக்கள். தாயோ தமையனோ கைகொடுத்தால் அவ்வுதவியையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2009 டிசம்பரில் அந்நாட்டு உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. கூட்டுக் குடும்பமாக வாழ்ந்து பழகிய எம்மவர்க்கு அத்தீர்ப்பு பெரிதும் பொருந்தியதாயிருந்தது.

2012 இல் வந்த விதி அக்கதவை அடைத்தது. பொறுப்பேற்பவர் ஆண்டொன்றுக்கு 18,600 பவுண் உழைக்க வேண்டும். பிரித்தானியப் பிரசையல்லாத பிள்ளை ஒன்றையும் அழைப்பதாயின் 22,400 பவுண். அதற்கு மேல் ஒவ்வொரு பிள்ளைக்கும் 2,400 பவுண் கூடுதல் என்று தொகை வகுக்கப்பட்டது. நிரந்தர வதிவுரிமை பெறுமுன் கழிக்க வேண்டிய காலமும் இரண்டு ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாக நீட்டப்பட்டது. 2023 டிசம்பரில் அன்றைய கொன்சர்வேட்டிவ் அரசாங்கம் இத்தொகையை 38,700 பவுணாக உயர்த்தப் போவதாக அறிவித்தது. எதிர்ப்பு எழவே, படிப்படியாக உயர்த்துவதாகக் கூறி, 2024 ஏப்பிரல் 11 முதல் 29,000 பவுணாக்கியது. பிள்ளைகளுக்கான கூடுதற் தொகை அத்துடன் நீக்கப்பட்டது. அவ்வாண்டு யூலையிற் பதவிக்கு வந்த தொழிற் கட்சி அரசாங்கம் அடுத்த படிகளை நிறுத்திவைத்து, விடயத்தைக் குடிபெயர்வு ஆலோசனைக் குழுவிடம் ஒப்படைத்தது.

29,000 பவுண் என்பது எம் நாட்டு நாணயத்தில் ஒரு கோடி ரூபாவுக்கும் மேற்பட்ட தொகை. அதனை அந்நாட்டு அளவுகோல் கொண்டே அளந்து பார்ப்போம். 2025 ஏப்பிரலில் பிரித்தானியச் சட்டம் வளர்ந்த தொழிலாளிக்கு விதித்த ஆகக்குறைந்த கூலி மணித்தியாலத்துக்கு 12 பவுண் 21 பென்ஸ். கிழமைக்கு 40 மணித்தியாலமாக, ஆண்டின் 52 கிழமையும் ஒரு நாள் தவறாது உழைத்தாலும் அவன் பெறுவது ஏறத்தாழ 25,400 பவுண். அந்நாட்டுச் சட்டம் நியாயமான கூலி என்று நிர்ணயித்ததை முழுமையாக உழைத்த ஒருவன், அந்நாட்டுச் சட்டத்தின்படியே தன் மனைவியை அழைக்கத் தகுதியற்றவன் ஆகிறான். ஒரு சட்டம் மற்றொரு சட்டத்தைப் பொய்யாக்கும் இம்முரண்பாட்டுக்கு என்ன விடை உண்டு?

வருமானம் போதாதவன் சேமிப்பைக் காட்டலாம் என்பர். வருமானமே இல்லாத ஒருவர் காட்ட வேண்டிய சேமிப்பு 88,500 பவுண். அது மூன்று கோடி ரூபாவுக்கும் மேல். அதுவும் பொதுவாக ஆறு மாதம் கையில் இருந்த பணமாக இருக்க வேண்டும். கடனாக வாங்கியதாக இருத்தலாகாது.

இன்னொரு அநீதியையும் குறிப்பிட வேண்டும். இங்கிருந்து விண்ணப்பிக்கும் துணைவரின் உழைப்பூதியம் கணக்கில் வராது. யாழ்ப்பாணத்தில் வைத்தியராகவோ பொறியியலாளராகவோ கடமையாற்றும் பெண், பிரித்தானியாவில் இறங்கியதும் தொழில் செய்யும் உரிமையைப் பெறுகிறாள். ஆயினும் அவளது கல்வியும் திறனும் அவளுடைய விண்ணப்பத்தில் ஒரு சதத்துக்கும் மதிக்கப்படுவதில்லை. பரம்பரையாக வந்த பத்து ஏக்கர் வயலும் அவ்வாறே. அதை விற்றுக் காசாக்கினாலன்றி அதன் பெறுமதி சேமிப்பு ஆகாது.

கட்டணமோ வேறு. 2025 ஏப்பிரலில் வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பதற்கான கட்டணம் 1,938 பவுண். ஆண்டுக்கு 1,035 பவுண் வீதம் சுகாதார வரி மூன்று ஆண்டுக்கு 3,105 பவுண். ஆக 5,043 பவுணை முற்பணமாகச் செலுத்தினால் கிடைப்பது 33 மாத அனுமதி மாத்திரம். அதன் பின் மேலும் 30 மாதத்துக்கு மறுபடியும் விண்ணப்பம், மறுபடியும் கட்டணம்.

கூறப்படும் நியாயங்கள்

இவ்விதிக்கு ஆதரவாகக் கூறப்படும் நியாயங்கள் மூன்று. ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவோம்.

முதலாவது, விசாவுக்காகச் செய்யப்படும் போலித் திருமணங்களைத் தடுக்க வேண்டும் என்பது. போலித் திருமணம் உண்டு. அதைத் தொழிலாக நடத்தும் கூட்டமும் உண்டு. ஆனால் பணத்தேர்வு போலியைப் பிடிப்பதில்லை. பணமுள்ள போலி இத்தேர்விற் சுலபமாகத் தேறிவிடுவான். பணமில்லாத மெய்யன் தவறிவிடுவான். களையைப் பிடுங்குகிறேன் என்று வயலில் இறங்கி, உயரங் குறைந்த நெல்லையெல்லாம் பிடுங்கி எறிபவனை எம் கமக்காரர் என்னவென்று அழைப்பர்? போலியைக் கண்டுபிடிக்க நேர்முக விசாரணை உண்டு; கடிதங்களும் சாட்சிகளும் உண்டு. அவற்றை உள்நாட்டமைச்சு ஏற்கெனவே கையாண்டு வருகிறது.

இரண்டாவது, வருகின்றவர் வரிப்பணத்துக்குச் சுமையாவார் என்பது. துணைவர் விசாவில் வருபவர் பொதுநிதியிலிருந்து உதவி பெறலாகாது என்ற நிபந்தனை அந்த விசாவிலேயே எழுதப்பட்டிருக்கிறது. மருத்துவத்துக்கோ முற்கூட்டியே வரி அறவிடப்படுகிறது. உண்மையில், தாய் இங்கும் தந்தை அங்குமாகப் பிரிக்கப்பட்ட வீட்டில், குழந்தையைத் தனியே வளர்ப்பவர் முழுநேர வேலையை விட்டுப் பொதுநிதியை நாட நேரிடும். சுமையைக் குறைக்க வந்த விதி சுமையைப் பெருக்கவும் கூடும்.

மூன்றாவது, குடிவரவின் தொகையைக் குறைக்க வேண்டும் என்பது. இதுவே மெய்யான நோக்கம் என்பது எமது துணிபு. 2012 இல் 18,600 என்ற எண்ணுக்கு ஓர் அடிப்படையாவது இருந்தது; ஒரு தம்பதியர் வருமான அடிப்படையிலான அரச உதவிக்கு உரித்துடையவராகாத மட்டம் அது என்று கூறப்பட்டது. 38,700 என்ற எண்ணோ, தொழிற்றிறன் பெற்ற அயல்நாட்டு ஊழியரை வேலைக்கு அமர்த்துவதற்கு விதிக்கப்பட்ட சம்பள எல்லை. இப்போதுள்ள 29,000 உம் அச்சம்பளங்களை ஒட்டியே நிர்ணயிக்கப்பட்டது. மனைவி என்பவள் வேலைக்கு அமர்த்தப்படும் ஆள் அல்லள். கணவன் அவளுடைய முதலாளியும் அல்லன். இவ்விரு விடயங்களின் நோக்கமும் முற்றிலும் வேறு என்பதைக் குடிபெயர்வு ஆலோசனைக் குழுவே 2025 யூனில் வெளியிட்ட அறிக்கையில் எடுத்துக் காட்டியது. 23,000 பவுணிலிருந்து 28,000 பவுண் வரை பல மட்டங்களை ஆராய்ந்து முன்வைத்த அக்குழு, 38,700 என்பது குடும்ப வாழ்வுக்கான உரிமையோடு முரண்படக்கூடும் என்றும் எச்சரித்தது.

நீதிமன்றங்கள் சென்ற தூரம்

சட்டம் கற்றவர்கள் என்ற முறையில், இவ்விடயத்தில் நீதிமன்றங்களின் வரலாற்றையும் சுருக்கமாகக் கூறக் கடமைப்பட்டுள்ளோம். மணமக்கள் மீதான சந்தேகம் பிரித்தானியாவில் நேற்றுப் பிறந்ததன்று. 1979 இல் இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், மணம் முடிக்க வந்த இந்தியப் பெண்ணொருவர் கன்னித்தன்மைச் சோதனை என்ற இழிசெயலுக்கு உட்படுத்தப்பட்டமை வெளியாகி உலகமே வெட்கியது. 1980 இல், திருமணத்தின் முதன்மை நோக்கம் குடியேற்றமாயின் மணமகனுக்கு அனுமதி மறுக்கும் விதி வந்தது; அந்நோக்கம் இல்லை என்பதை மணமகனே நிரூபிக்க வேண்டும் என்று பின்னர் அது இறுக்கப்பட்டது. மனத்திலுள்ள நோக்கத்தை இல்லை என்று நிரூபிப்பது எப்படி? அவ்விதியின் பளு பெரும்பாலும் தென்னாசியக் குடும்பங்களின் தலையிலேயே விழுந்தது.

அக்காலத்தில் ஆண்கள் மனைவியரை அழைப்பது எளிது. பெண்கள் கணவரை அழைப்பது அரிது. இவ்வேறுபாட்டை எதிர்த்து மூன்று பெண்கள் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தை நாடினர். 1985 மே 28 ஆந் திகதி, இது பால் அடிப்படையிலான பாரபட்சம் என்று அந்நீதிமன்றம் தீர்த்தது. தம்பதியர் தாம் விரும்பிய நாட்டிலேயே வாழ எல்லையற்ற உரிமை உண்டு என்று அது கூறவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அரசாங்கம் அத்தீர்ப்புக்குப் பணிந்த விதந்தான் விசித்திரம். பெண்களுக்கு உரிமையைக் கூட்டவில்லை. ஆண்களுக்கு இருந்த உரிமையைக் குறைத்து, முதன்மை நோக்க விதியை மனைவியருக்கும் நீட்டியது. சமத்துவம் என்ற பெயரில் எல்லோரையும் ஒரே பள்ளத்தில் இறக்கிய அவ்விதி 1997 யூனிலேயே ஒழிந்தது.

2012 ஆம் ஆண்டு விதியும் நீதிமன்றம் ஏறியது. 2017 பெப்ரவரி 22 இல் உயர் நீதிமன்றம், ஆகக்குறைந்த வருமானம் என்ற கொள்கை சட்டத்துக்கு முரணானதன்று என்றது. அதே வேளையில், அது பல்லாயிரக்கணக்கான தம்பதியருக்குத் துன்பம் விளைப்பதை ஏற்றுக்கொண்டதோடு, பிள்ளைகளின் நலனைக் கவனிக்கும் சட்டக் கடமையை விதிகள் நிறைவேற்றவில்லை என்றும் கண்டித்தது. அதன் பயனாக, விசேட சூழ்நிலைகளில் உறவினரின் உதவி முதலிய வேறு வழிகளையும் கருதலாம் என்று அவ்வாண்டு ஓகஸ்டில் விதி திருத்தப்பட்டது. நீதிமன்றத்தின் கை அவ்வளவே நீண்டது. எஞ்சிய வேலை பாராளுமன்றத்தினுடையது, ஆகவே அரசியலினுடையது.

ஏதிலியாகச் சென்றவர்க்கு இருந்த தனிவழியும் இப்போது குறுகியுள்ளது. நாட்டை விட்டு ஓடுமுன் மணந்த மனைவியை, அகதி அந்தஸ்துப் பெற்றவர் வருமானத் தேர்வின்றி அழைக்கும் முறை நெடுங்காலம் இருந்தது. 2025 செப்ரெம்பர் 4 ஆந் திகதி அம்முறையின் கீழ்ப் புதிய விண்ணப்பங்களை ஏற்பதைப் பிரித்தானியா இடைநிறுத்தியது. உயிரைக் காக்க ஓடியவனிடம் ஓடி முடித்த கையோடு 29,000 பவுண் கேட்பது என்ன தருமம்?

பிற நாடுகள்

வேறு வழி இல்லையோ என்பார்க்குக் கனடா விடையளிக்கிறது. எம்மக்கள் பெருகி வாழும் அந்நாட்டில், துணைவரை அழைப்பவருக்குப் பொதுவாக ஆகக்குறைந்த வருமானம் என்ற தடை இல்லை. துணைவரின் அடிப்படைத் தேவைகளை மூன்று ஆண்டுகளுக்குக் கவனிப்பேன் என்ற பொறுப்பில் அவர் கையொப்பமிட வேண்டும். வலுவீனம் அல்லாத காரணத்துக்காக அரச உதவிப் பணத்தில் வாழ்பவருக்குத்தான் தடை. இதனாற் கனடா வறிய நாடாகிவிடவில்லை. 2012 ஒக்ரோபரில் கனடாவும் ஒரு தவறான அடி வைத்தது. துணைவர் இரண்டாண்டு கூடி வாழாவிடின் வதிவுரிமை பறிபோகும் என்று விதித்தது. அடிபடும் மனைவியை அடிப்பவனோடு கட்டிவைக்கும் விதி அது என்ற கண்டனம் எழுந்து, 2017 ஏப்பிரலில் அது கைவிடப்பட்டது.

அமெரிக்கா வருமானம் கேட்கிறது. ஆயின் பொதுவாக வறுமைக் கோட்டின் 125 சதவீதமே அதன் அளவு. அதுவும் போதாவிடின் இன்னொருவர் இணைந்து பொறுப்பேற்கலாம். ஆனால் அங்கே இடும் கையொப்பம் விவாகரத்தாலும் அழியாத கடப்பாடு என்பதை அறியாது கையொப்பமிடுவோர் உளர். துணைவரை நாட்டுக்குள் வரவழைப்பது அரசியலமைப்பு காக்கும் அடிப்படை உரிமை அன்று என்று 2024 யூன் 21 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்த்திருப்பதும் கவனிக்கத்தக்கது.

எமது வீட்டு முற்றம்

இலண்டனை நோக்கி விரல் நீட்டும் நாம், கொழும்பையும் நோக்க வேண்டும். 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் எம் மலையகச் சகோதரரை நாடற்றவராக்கியதை நாம் மறக்கவில்லை. அதே சட்டத்தின் கீழ், அந்நியரை மணந்த இலங்கைப் பெண் தன் பிள்ளைக்குத் தன் பிரசாவுரிமையை வழங்க முடியாதிருந்தது. தந்தைவழிக்கே அவ்வுரிமை என்ற அநீதி நீங்க 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 2022 சனவரி முதல், வெளிநாட்டவரை மணக்கும் இலங்கையர் விவாகப் பதிவுக்கு முன்னர் பாதுகாப்பு அமைச்சின் அனுமதிச் சான்று பெற வேண்டும் என்று பதிவாளர் நாயகத்தின் சுற்றறிக்கை விதித்தது. விவாகப் பதிவை இராணுவ விவகாரமாக்கிய அச்சிந்தனையும், மணவாழ்வைப் பவுணில் நிறுக்கும் சிந்தனையும் ஒரே குட்டையில் ஊறியவை. ஒன்றை எதிர்ப்பவர் மற்றதையும் எதிர்த்தாக வேண்டும்.

எம் சமுதாயத்திடமும் ஒரு வார்த்தை. வெளிநாட்டு மாப்பிள்ளை என்றதும் சீதனத்தின் தொகை ஏறுகிறது; அதற்காகக் காணி ஈடு வைக்கப்படுகிறது. பிரித்தானியா மணவாழ்வுக்கு விலை குறிக்கிறது என்று நாம் குமுறும்போது, எம் தரகர் குறிக்கும் விலையை எந்த வாயாற் கண்டிப்போம்? கமக்காரருக்கு நாம் கூறுவது இது: விதி பலமுறை மாறியிருக்கிறது, இன்னும் மாறும், விற்ற வயல் திரும்பி வராது. விசா கைக்கு வருமுன் வயலை விற்காதீர்கள். விவாகத்தைக் காலந் தாழ்த்தாது பதிவு செய்யுங்கள். போலிச் சம்பளச் சீட்டுத் தருவேன் என்பவனை வீட்டு வாசலிலேயே நிறுத்துங்கள்; ஒரு பொய்ப் பத்திரம் மெய்யான திருமணத்தையும் பொய்யாக்கிவிடும்.

மணமாகிச் செல்லும் பெண்கள் ஒன்றை மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். "என்னை விட்டுப் போனால் உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்" என்று மிரட்டும் கணவன் முழு உண்மை பேசவில்லை. பிரித்தானியப் பிரசை அல்லது நிரந்தர வதிவுரிமை பெற்ற ஒருவரின் துணைவராகச் சென்றவர், வீட்டு வன்முறையால் மணவாழ்வு முறிந்ததைக் காட்டினால், தம் பெயரிலேயே நிரந்தர வதிவுரிமை கோர அந்நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது. மகளை வழியனுப்பும் பெற்றோர் நகையோடு இவ்வறிவையும் கொடுத்தனுப்புவது நன்று.

வேண்டுவது யாது?

எமது கோரிக்கைகள் மூன்று. திருமணம் மெய்யானதா என்பதே முதற் சோதனையாக இருக்க வேண்டும். சீவனத்துக்கு வழி உண்டா என்று பார்ப்பதாயின், இருவரின் உழைப்பையும் உறவினரின் உதவியையும் சேர்த்து அக்குடும்பத்தின் மெய்நிலை கொண்டு பார்க்க வேண்டும். பிள்ளை உள்ள இடத்தில், அப்பிள்ளையின் நலன் எல்லாக் கணக்குக்கும் மேலாக நிற்க வேண்டும்.

பிரித்தானியாவில் வாழும் எம்மவரிடம் வாக்குச் சீட்டு உண்டு. 29,000 பவுண் விதியால் வாடுவோர் தமிழர் மாத்திரம் அல்லர். வெளிநாட்டவரை மணந்த ஆங்கிலேயரும் வேல்சியரும் ஸ்கொத்லாந்தியரும் அதே வரிசையில் நிற்கின்றனர். அவர்களோடு தோள் சேர்ந்து தத்தம் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினரின் கதவைத் தட்டுவது எம்மவரின் கடமை. முதன்மை நோக்க விதி பதினேழு ஆண்டுகள் நின்றது. பாதிக்கப்பட்ட குடும்பங்கள் வாய் மூடி இருந்திருந்தால் இன்னும் நின்றிருக்கும்.

செல்வந்தனின் திருமணத்துக்கு ஒரு சட்டம், உழைப்பாளியின் திருமணத்துக்கு இன்னொரு சட்டம் என்பதை எம் நாட்டிலும் ஏற்கோம், எந்நாட்டிலும் ஏற்கோம். கூடி வாழும் உரிமையைச் சம்பளச் சீட்டில் தேடும் சட்டம் எவ்வளவு நேர்த்தியாக எழுதப்பட்டிருப்பினும், அது நீதியாகாது.